அசையாமல் கேட்டவள்

டாக்டர் முத்துசெல்வம் கோயம்புத்தூரில் ஒரு மாநாட்டுக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார். திரும்பி வந்தபோது காரின் பின்சீட்டில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன.

ஒன்றை நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் மாட்டச் சொன்னார். மற்றொன்று ஆப்பரேஷன் தியேட்டருக்கு. சிகிச்சையின்போது மெல்லிய இசை கேட்டால் பயம் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், கைகால் உதறல் நிற்கும் என்று உலகமெங்கும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்களாம். கண்டுபிடித்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கோவில்பட்டிக்கு வந்து விசாரித்ததாகத் தெரியவில்லை.

எங்களுடையது சிறிய கண் ஆஸ்பத்திரி. கண்புரை ஆப்பரேஷன்தான் முக்கால்வாசி வேலை. ஆயுள் முழுக்கக் கரிசல்காட்டு வெயிலைப் பார்த்துக் கண் வெளுத்துப்போனவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். நான் அங்கே எல்லாம் பார்ப்பவன். கம்ப்யூட்டர், டோக்கன், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார். அதற்கு முன்னால் சென்னையில் ராத்திரி முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு அமெரிக்காக்காரர்களிடம் திட்டு வாங்கும் வேலையில் இருந்து, அதைப் பாதியில் விட்டு வந்தவன். "சத்தத்தோட சம்பந்தப்பட்ட வேலைல இருந்தவன்தானப்பா நீ" என்று சொல்லி டாக்டர் இசையையும் என் தலையில் கட்டினார்.

வீணை என்று முடிவானது. வார்த்தை இருந்தால் மனம் அலையும், தாளம் இருந்தால் நாடி கூடும். ஆகவே பாட்டும் கிடையாது, மேளமும் கிடையாது. வீணை, இடையிடையே வயலின். முதல் நாள் காலையில் ஹாலில் போட்டுவிட்டு டோக்கன் மேஜையில் வந்து உட்கார்ந்தேன். கயத்தாற்றிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து குனிந்தார்.

"தம்பி, யாரு போயிட்டா?"

"யாரும் போகலய்யா. டோக்கன்படி உள்ள கூப்பிடுவாங்க."

"அதில்ல. டெல்லியிலயா, மெட்ராஸ்லயா?"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. பெரிய தலைவர் யாராவது இறந்துபோனால் ரேடியோவிலும் டிவியிலும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீணையும் வயலினும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் ஆட்களில் பலர் தங்கள் வாழ்நாளில் வீணை கேட்டதே அந்தச் சமயங்களில்தான். வீணை கேட்டால் அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கடை அடைப்பார்கள். பஸ்ஸை நிறுத்துவார்கள்.

"யாரும் சாகலய்யா. இது சும்மா மனசுக்கு நல்லதுன்னு போட்டிருக்கு."

"இப்படித்தான் மொதல்ல சொல்லமாட்டாவ. சாயந்தரம் போலத்தான் வெளிய விடுவாவ" என்றார் பெரியவர். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து பையை எடுத்தாள். "ஏட்டி, மணியாச்சி பஸ்ஸு ஓடும்போதே கெளம்பு. பொறவு நடந்துதான் போணும்." அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் எழுந்தது. நான் வாசலில் நின்று யாரும் சாகவில்லை, யாரும் சாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒருவன் அப்படிச் சொன்னால் கேட்பவர்கள் இன்னும் வேகமாக நடக்கிறார்கள்.

டாக்டர் அசரவில்லை. மாத முடிவில் ரத்த அழுத்தக் கணக்கைப் பார்த்து மகிழ்ந்தே போனார். முன்பைவிடச் சராசரி நன்றாக இறங்கியிருந்தது. இறங்காமல் என்ன செய்யும்? பயந்தவர்கள் எல்லாம் வீணையைக் கேட்டதும் பஸ் ஏறிவிடுகிறார்கள். எதற்கும் பயப்படாதவர்கள், காது கேளாதவர்கள், இந்த இரண்டு வகையினர் மட்டும் உள்ளே வருகிறார்கள். இதை நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நம்பர் பொய் சொல்லாதுப்பா" என்றார். திருநெல்வேலியில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேச இடமும் வாங்கிவிட்டார்.

அப்படி ஓடியவர்களில் ஒருத்தி அழகுத்தாய். எட்டயபுரம் போகும் வழியில் ஊர். அறுபதைத் தாண்டியவள். சிறு வயதில் காய்ந்த பருத்திமார்க் கட்டு சுமந்து வரும்போது குச்சி குத்தி இடது கண் போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டே காடு கழனி பார்த்தாள், ஆடு மேய்த்தாள், மகனுக்குக் கல்யாணம் முடித்தாள். இப்போது அந்த ஒற்றைக் கண்ணில் புரை விழுந்து முற்றிவிட்டது. அது போனால் வேறு கண் கிடையாது.

முதல் தடவை ஹாலில் வீணையைக் கேட்டு, எந்தத் தலைவர் என்றுகூட விசாரிக்காமல் போய்விட்டாள். இரண்டாம் தடவை ஹாலில் சத்தத்தைக் குறைத்து ஒருவழியாக மேசைவரைக்கும் கொண்டுபோனோம். முகத்தில் பச்சைத் துணி போர்த்தி, தியேட்டர் ஸ்பீக்கரில் வீணை எழுந்ததும், "எனக்கே போட்டுட்டியளா?" என்று கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கையில் அப்போது கத்தி இல்லை. அது அவருடைய நல்ல நேரமா, அவளுடையதா தெரியாது.

மூன்றாம் தடவை அவளால் ஓட முடியாது. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாத அளவுக்குப் பார்வை போயிருந்தது. மருமகள் காளீஸ்வரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மகன் இசக்கிபாண்டி லாரியில் வடக்கே போயிருந்தான். அவன் எப்போதும் வடக்கேதான் போயிருப்பான்.

"இன்னிக்கு முடிச்சே தரணும் சார்" என்றாள் காளீஸ்வரி. "நானும் எத்தன தடவதான் பஸ் ஏத்திக் கூட்டியாறது?"

டாக்டர் கவலையில் இருந்தார். முழு மயக்கம் கொடுக்க அழகுத்தாயின் இதயம் இடம் தராது. கண்ணைச் சுற்றி மட்டும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாம். கண் அசையாது. ஆனால் தலை அசையும். கண்ணுக்குள் கருவி இருக்கும்போது தலை ஒரு நெல்லளவு திரும்பினால் போதும், கதை முடிந்தது.

"ஆச்சி, தலைய ஆட்டாம படுத்திருப்பீங்களா?" என்று கேட்டார்.

"நானா ஆட்டுதேன்? அது தானா ஆடுது" என்றாள் அழகுத்தாய். சொல்லும்போதே ஆடியது.

மாநாட்டில் இதற்கும் வழி சொல்லியிருந்தார்களாம். நோயாளிக்குப் பிடித்த இசையையே போடலாம். டாக்டர் அவளிடம் என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டார்.

"பாட்டா? பாட்டு கேக்க எனக்கு எங்க நேரம் இருந்துச்சு?"

"எங்க கோயில் கொடை மேளம் எம்போன்ல இருக்கு சார்" என்றாள் காளீஸ்வரி. "திருவிழாவுல கொழுந்தன் மொறைக்காரன் ஒருத்தன் புடிச்சது. அதுன்னா இவியளுக்கு உசுரு."

அவளுடைய போனை வாங்கித் தியேட்டர் ஸ்பீக்கரோடு இணைத்தேன். பதிவைத் தட்டினேன். உருமி எழுந்தது. அதன் பின்னால் பம்பை. முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அழகுத்தாயின் தோள் முதலில் குலுங்கியது. அப்புறம் கொண்டை அவிழ்ந்தது. அப்புறம் கட்டில் நகர ஆரம்பித்தது. நர்ஸ் ஆனந்தி சாமி வந்தவளைப் பிடிப்பதா, கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள்.

"நிறுத்துப்பா! நிறுத்து!" டாக்டர் கத்தினார். "யாருப்பா இதப் போடச் சொன்னது?"

அவர்தான் சொன்னது.  போனைக் காளீஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்தேன். விபூதியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துச் சாமியை மலையேற்றினோம். நாடி இறங்கும்வரை காத்திருந்து, ஊசி போட்டு, அழகுத்தாயை உள்ளே கொண்டுபோனார்கள். காளீஸ்வரி தியேட்டர் சுவரை ஒட்டியிருந்த பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தாள்.

"வீணையே போடு" என்றார் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு. "போன தடவ வால்யூம் சரியா வைக்கல. அதான் பிரச்சினை."

தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு நானும் தியேட்டர் மூலையில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றேன். வீணை தொடங்கியது. அழகுத்தாயின் முகத்தைப் பச்சைத் துணி மூடியிருந்தது. வட்ட ஓட்டை வழியே கண் மட்டும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேசக்கூடாது, ஏதாவது வேண்டுமென்றால் ஆனந்தியின் கையை அழுத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஆரம்பத்திலிருந்தே அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். துணிக்குள் மூச்சு பலமாக வந்தது. மானிட்டரில் நாடி ஏறியது. பாதம் நடுங்கியது, முழங்கால் நடுங்கியது, நடுக்கம் மேலே வந்துகொண்டிருந்தது.

டாக்டர் ஏற்கெனவே கண்ணில் சிறு துவாரம் போட்டுவிட்டார். இனி நிறுத்த முடியாது.

"ஆச்சி, அசையாதீங்க. நல்லா மூச்ச விடுங்க. வீணையக் கேளுங்க."

வீணையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் நடுக்கமே.

அப்போது வீணை நின்றது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"ஏட்டி காளி, ஒங்க மாமியாள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாவளா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டியா நீ? அவளுக்குக் கண்ணு தெரியாத வரைக்கும்தான்ட்டி ஒனக்கு ராஜ்ஜியம்."

இந்த ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் இரண்டு போன்களோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். காளீஸ்வரியின் போனை நான் துண்டிக்கவில்லை. வெளியே பெஞ்சில் அவள் வாட்ஸப்பில் வந்த குரல் செய்தியைத் தட்டியிருக்கிறாள். சத்தம் அவள் போனில் வராமல் இங்கே வருகிறது. பேசுவது அவளுடைய அக்கா சுதாராணி, கயத்தாற்றில் வாழ்க்கைப்பட்டவள் என்பது பின்னால் தெரிந்தது.

நான் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினேன். "ஆ!" என்று ஆனந்தி கத்தினாள். அழகுத்தாய் அவள் கையை நெரித்திருந்தாள்.

"அணைக்க வேண்டாம்கிறாங்க சார்" என்றாள் ஆனந்தி, கண்ணில் தண்ணீரோடு.

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமல் கை காட்டினார். விடு என்று அர்த்தம். அப்புறம்தான் நானும் பார்த்தேன். அழகுத்தாயின் பாதம் நின்றுவிட்டது. முழங்கால் நின்றுவிட்டது. தலை, கல்லில் செதுக்கி வைத்தது மாதிரி இருந்தது. மூச்சுகூட, சத்தம் போட்டால் வார்த்தை தப்பிவிடுமோ என்பது போல மெதுவாக வந்தது.

அடுத்த செய்தி தானாகவே தொடங்கியது.

"அந்தப் பித்தள அண்டா எங்கட்டின்னு கேட்டா என்ன சொல்லுவ? எங்க வீட்டுல கெடக்குன்னு சொல்லித் தொலச்சுராத. நான் அதுலதான் இப்பம் தண்ணி புடிச்சு வச்சிருக்கேன். சடங்கு வீட்டுக்குக் குடுத்தேன், அவிய இன்னும் தரலன்னு சொல்லு. பொறவு பாத்துக்கிடலாம்."

டாக்டரின் கை அமைதியாக வேலை செய்தது. புரை துண்டு துண்டாக உடைந்து வெளியே வந்தது. மானிட்டரில் நாடி இறங்கிக்கொண்டிருந்தது. இதுவரை எந்த வீணைக்கும் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

இடையில் ஒரு நிமிடம் அமைதி. பிறகு முதல் செய்தியே மறுபடி வந்தது. வெளியே காளீஸ்வரிக்குக் கேட்கவில்லை அல்லவா, மறுபடி தட்டுகிறாள். இந்த முறை இன்னும் சத்தமாக வந்தது. ஒலியையும் கூட்டிவிட்டாள். "ஒனக்கு ராஜ்ஜியம்" என்பது தியேட்டர் சுவரில் பட்டு எதிரொலித்தது; மூடிய இரட்டைக் கதவைத் தாண்டி வெளியே மட்டும் போகவில்லை. அண்டாவும் மறுபடி வந்தது. அதற்குப் பின்னால் புதிதாக ஒன்று.

"இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன். அந்தக் கெடாவ வித்தத மட்டும் வாயத் தொறந்துராத. பாம்பு கடிச்சுச் செத்துச்சுன்னு சொன்னியே, அதே பேச்சுல நில்லு. நீ கையக் காட்டுன எடத்துலதான் பொதச்சிருக்குன்னு அவ தெனமும் போயி அந்த ஒடமரத்து மூட்டுல நின்னு ஒப்பாரி வைக்கான்னு சொன்னியே, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி. அந்தக் காசுல வாங்குன கம்மலக் கழத்தி வச்சுரு. கண்ணு வந்ததும் மொதல்ல காதத்தான் பாப்பா."

ஆனந்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் மட்டும், "சூப்பர் ஆச்சி, அப்படியே இருங்க, இப்படி ஒரு பேஷண்ட நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். துணிக்குக் கீழே அழகுத்தாயின் கன்னம் ஒரு முறை இறுகித் தளர்ந்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

செய்திகள் தீர்ந்துவிட்டன. அறையில் மானிட்டர் சத்தம் மட்டும். வீணையைத் தொடரலாமா என்று என் போனை எடுத்தேன்; ஒரு தந்திதான் ஒலித்திருக்கும், அழகுத்தாயின் பாதம் உதறத் தொடங்கியது. உடனே அணைத்தேன். அவள் தலை ஸ்பீக்கர் இருந்த பக்கம் மெல்லத் திரும்பப் பார்த்தது. இன்னும் இருக்கிறதா என்று தேடுகிறாள்.

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. பழைய புரை முழுவதும் எடுத்தாயிற்று. புது லென்ஸ் இன்னும் உள்ளே போகவில்லை.

"ஆச்சி... அசையாதீங்க ஆச்சி..." அவர் குரல் இறங்கியது. பிறகு, இருபது வருடமாகக் கண் அறுக்கிற ஒரு டாக்டர் கேட்கக் கூச்சப்படும் குரலில் என்னிடம் கேட்டார்: "வேற இருக்காப்பா?"

நான் வெளியே போனேன். காளீஸ்வரி போனைக் காதில் வைத்து, பிறகு தொடையில் தட்டி, மறுபடி காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, காலைல நீங்க வாங்கி என்னமோ பண்ணியளே, அதுல இருந்து சத்தமே வரமாட்டேங்குது. அக்கா என்னமோ அனுப்பியிருக்கா. ஒண்ணும் கேக்கல."

அப்போதே துண்டித்துக் கொடுத்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் நிம்மதி ஒரு பக்கம், ஒரு கண் ஒரு பக்கம். நான் தராசு தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே லென்ஸ் காத்திருந்தது.

"செட்டிங்ல ஏதோ கோளாறுக்கா. பழைய மெசேஜ் எதையாவது போட்டுக்கிட்டே இருங்க. ஒண்ணு மாத்தி ஒண்ணு. அதுவா சரியாயிரும்."

"எதப் போட?"

"எதுனாலும். நீங்க பேசுனதா இருந்தாலும் சரி."

அவள் தலையாட்டிவிட்டு, விரலால் மேலே தள்ளித் தள்ளி ஒன்றைத் தட்டினாள். நான் இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது காளீஸ்வரியின் குரல் ஆரம்பித்திருந்தது. அக்காவுக்கு அவள் அனுப்பிய பதில்.

"ஒனக்கென்ன, நீ நெழல்ல இருந்துக்கிட்டுப் பேசுவ. இந்தக் கரிசக் காட்டு வெயில்ல அந்த ஆட்டுக்குப் பின்னால அலையுதது நாந்தான. மூஞ்சியெல்லாம் கருகிப்போச்சு. காலுல முள்ளு ஏறாத எடமில்ல. அவளுக்குக் கண்ணு வந்துட்டா ஆட்ட அவ பத்திக்கிட்டுப் போயிருவா. நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயி ஃபேனுக்கு அடியில உக்காந்து வேல பாப்பேன். அண்டா போனாப் போவுது, கம்மலக் கழத்தி வச்சுக்கிடலாம். எனக்கு அவ கண்ணு வேணும்க்கா."

அழகுத்தாய் அசையவில்லை. லென்ஸ் உள்ளே போனது. மடிந்திருந்தது விரிந்து, கண்ணுக்குள் தன் இடத்தில் சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்தது.

வெளியே இன்னொன்று தட்டப்பட்டது. ஆட்டுக்கு எந்தப் பக்கம் தழை கிடைக்கும், எந்தக் காட்டுக்காரன் விரட்டுவான் என்று புலம்பிக்கொண்டே போனாள். "கெழவிக்கு இதெல்லாம் அத்துப்படி. அவ பாட்டுக்குப் போவா, அவ பாட்டுக்கு வருவா." அதற்குள் டாக்டர் கருவிகளைக் கீழே வைத்திருந்தார். கண்ணில் மருந்து விட்டுக் கட்டுப் போட்டார்கள். நான் ஸ்பீக்கரை அணைத்தேன். ஆனந்தி தன் கையை விடுவித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சு ஆச்சி. ரொம்ப நல்லா வந்திருக்கு. எப்படி இருக்கு இப்ப?"

"இருக்கேன்" என்றாள் அழகுத்தாய்.

காளீஸ்வரியின் போனைச் சரிசெய்து கொடுத்தேன். அவள் அக்காவின் செய்திகளை, போனைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே ஹாலைச் சுற்றிப் பார்த்தாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று. பிறகு கம்மலைத் தொட்டுப் பார்த்தாள். கழற்றவில்லை. நாளைக்குக் காலையில்தானே கட்டுப் பிரிப்பார்கள், அதற்குள் கழற்றிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கும்.

சந்தோஷத்தில் டாக்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது என்னைக் கூப்பிட்டார்.

"வீணையெல்லாம் சும்மாப்பா. பழக்கமான குரல்! அதான் மருந்து. சொந்தக்காரங்க குரலக் கேட்டதும் எப்படி அடங்கிட்டாங்க பாத்தியா? அந்தப் பாசம், அந்தப் பாதுகாப்பு உணர்ச்சி. இனிமே ஒவ்வொரு பேஷண்டுக்கும் வீட்டாளுங்க குரலப் பதிஞ்சு வாங்கிரு. திருநெல்வேலில இதத்தான் பேசப் போறேன்."

"அவங்க என்ன பேசினாங்கன்னு கேட்டீங்களா சார்?"

"எனக்கெங்கப்பா அதக் கவனிக்க நேரம்? நான் கண்ணையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்."

மறுநாள் காலையில் கட்டுப் பிரிப்பு. வழக்கமாகக் கட்டைப் பிரித்ததும் ஆட்கள் சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள், சிலர் டாக்டரைக் கும்பிடுவார்கள். டாக்டர் எல்லாவற்றுக்கும் தயாராகச் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அழகுத்தாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காளீஸ்வரி. கம்மலைக் கழற்ற மறந்துபோயிருந்தாள். அல்லது தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்திருப்பாள்.

ஆனந்தி கட்டைப் பிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அழகுத்தாய் இமையை மெல்லத் திறந்தாள். சிமிட்டினாள்.

"ஆச்சி, இது எத்தன விரலு?"

"எது?"

"இது. என் கையி."

"கையா? எங்கன இருக்கு?"

டாக்டர் விரலை அவள் மூக்குப் பக்கம் கொண்டுபோனார். "இப்ப?"

"என்னமோ பொகையா இருக்கு. ஒண்ணுந் தெரியலய்யா."

டாக்டர் அவளை மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தார். தாடையைப் பலகையில் வைக்கச் சொல்லி நெடுநேரம் உள்ளே பார்த்தார். லென்ஸ் சரியான இடத்தில் இருந்தது. கண் தெளிந்த நீர் மாதிரி இருந்தது. விழித்திரை நன்றாக இருந்தது. திரும்பப் பார்த்தார். விளக்கை மாற்றிப் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"எல்லாம் நல்லா இருக்கே" என்றார் எங்களிடம். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும்: "நேத்து அவ்வளவு அசையாம கெடந்தாங்கல்ல? அதுவே நரம்புல ஏதோ கோளாறோட அறிகுறியா இருந்திருக்குமோ? நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ?"

காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. "அப்பம் ஆடு?" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

அந்த நேரத்தில்தான் நான் அழகுத்தாயைப் பார்த்தேன். டாக்டர் மதுரைக்கு ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டிருந்தார், ஆனந்தி சொட்டு மருந்து எடுக்கப் போயிருந்தாள், காளீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழகுத்தாயின் கண் மருமகளின் காதுக்குப் போனது. அங்கேயே நின்றது. தட்டார் கடையில் நகையை எடை போடுகிறவன் பார்வை அது. பிறகு அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு வந்தது. பிறகு எதையும் பார்க்காத பார்வையாகச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

மருந்து வாங்கக் காளீஸ்வரி கவுன்ட்டரில் வரிசையில் நின்றாள். அழகுத்தாயை வாசல்வரைக்கும் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு. நடைவழியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வாளி நடுவில் இருந்தது. நான் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாளியைச் சுற்றி, ஈரத்தைத் தாண்டிக் காலை வைத்தாள்.

"ஆச்சி" என்றேன் மெதுவாக. "தெரியுதுல்லா?"

அவள் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நல்லாத் தெரியுது. ஒன் டாக்டரு கெட்டிக்காரரு."

"பொறவு ஏன் ஆச்சி? அவரு பாவம், ராத்திரி தூங்கமாட்டாரு. மதுரைக்கு வேற எழுதிட்டாரு."

"மதுரைக்கும் போயிட்டு வருவோம். அவதான கூட்டிட்டுப் போவா." அவள் பல் தெரியாமல் சிரித்தாள். "பாக்குதது எங்கலே ஓடிப்போவுது? இன்னும் கொஞ்ச நாளு கேட்டுக்கிடுதேன்."

"அதுவரைக்கும் ஆட்ட யாரு பாப்பா?"

"எவளுக்குக் கண்ணு வேணுமோ அவ பாக்கட்டும்."

நான் டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அன்றைக்கே திருநெல்வேலிக்குப் போன் செய்து தன் பேச்சை ரத்து செய்துவிட்டார். இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றச் சொன்னார். ஹால் பழையபடி சந்தை மாதிரி ஆகிவிடும், பயந்தவர்கள் பயந்தபடியே உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரும் பஸ்ஸைப் பார்க்க ஓடமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அதுவே நல்லது. சொல்லாமல் இருந்ததற்கு இதைக் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

காளீஸ்வரி மருந்துப் பையோடு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "மெல்ல வாங்கத்தே, படி இருக்கு" என்று கையைப் பிடித்தாள்.

"எத்தன படி தாயி?" என்றாள் அழகுத்தாய், காலால் காற்றைத் துழாவிக்கொண்டு.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. காளீஸ்வரி மாமியாரின் செருப்பைத் தேடி எடுத்து, தரையில் குந்தி, அவள் காலை மடியில் வைத்து மாட்டிவிட்டாள். அழுதுகொண்டே மாட்டியதில் இடதும் வலதும் மாறிப்போயின. அழகுத்தாய் குனிந்து பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்து எதிரே இருந்த மதிலைப் பார்த்தாள்.

அப்படியே, மாறிய செருப்போடு, மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து விந்தி விந்தி நடந்தாள்.